நாடகம் ஏழரைக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு? லண்டன் வெஸ்ட் எண்டில் இருவருக்கான ஒரு மாலை

சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ராச்சாப்பாட்டை முடித்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் விடியவிடியப் பாட்டும் தர்க்கமும்தான். லண்டனில் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் மியூசிக்கல்கள் என்கிற இசை நாடகங்கள் பெரும்பாலும் மாலை 7.30-க்குத் தொடங்குகின்றன. சரியாகப் பசியெடுக்கும் நேரத்துக்குத் திரை தூக்கி, பத்து அல்லது பத்தேகாலுக்கு வெளியே அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து உணவகங்களில் பல, கடைசி ஆர்டரைக் கேட்டு முடித்திருக்கும்.

எந்த நாடகம் என்று முடிவு செய்வதில் பெரிய சண்டை வருவதில்லை. மாலை கெட்டுப்போவது சாப்பாட்டு நேரத்தில்தான். வழிகள் ஐந்து: நாடகத்துக்கு முன் முழுச் சாப்பாடு, பின் முழுச் சாப்பாடு, முன்னே டிபனும் பின்னே இனிப்புமாகப் பிரித்துக்கொள்வது, பகல் காட்சி பார்த்துவிட்டு இரவுச் சாப்பாடு, சாப்பாடும் பாட்டும் ஒரே மேசையில் கிடைக்கும் நிகழ்ச்சி. எது யாருக்கு ஒத்துவரும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: நாடகம் எத்தனை மணிக்கு முடிகிறது, வீடு எந்த ட்யூப் (சுரங்க ரயில்) லைனில் இருக்கிறது, சமையலறைகள் எப்போது திணறுகின்றன. பணம் நாலாவதாகத்தான் வருகிறது.

முதலில் சமையலறைக் கதையைச் சொல்லிவிடலாம். கோவென்ட் கார்டன், சோஹோ, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ பக்கத்து உணவகங்களுக்கு மாலையில் இரண்டு அலைகள். ஐந்தரையிலிருந்து ஏழு வரை நாடகக் கூட்டம். அத்தனை பேருக்கும் ஒரே ரயிலைப் பிடிக்கிற அவசரம். ஏழேகாலுக்குப் பந்தி எழுந்த மாதிரி இடம் சட்டென்று காலியாகும். அதன்பின் சாவகாசமாகச் சாப்பிட வருகிற கூட்டம் மெல்ல நிரம்பும். பத்து மணிக்குமேல் நாடகம் விட்டு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கும்.

முன்னே சாப்பிடுவது

பெரும்பாலானவர்கள் தேர்வது இதைத்தான், பெரும்பாலானவர்கள் சொதப்புவதும் இதைத்தான். காரணம் எளிது: ஐந்தரைக்கு வேலை முடிகிறது, ஆறு மணிக்கு மேசை பதிவு செய்கிறார்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். 7.30-க்குத் தொடக்கம் என்றால் 7.20-க்கு இருக்கையில் இருக்க வேண்டும். வாசலில் பை சோதனை, கழிப்பறை, மாடிப்படி எல்லாவற்றுக்கும் சேர்த்து 7.00-க்குத் தியேட்டர் வாசல். நடக்கப் பத்து நிமிடம் என்றால் 6.50-க்குக் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். பில் கேட்டு, கார்டு இயந்திரம் வந்து, பணம் கட்டி எழப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஆக 6.35-க்குத் தட்டு காலியாகியிருக்க வேண்டும். முன் உணவும் முதன்மை உணவுமாக இரண்டு கோர்ஸ் நிதானமாகச் சாப்பிட எழுபது, எழுபத்தைந்து நிமிடம் தேவை. எனவே உட்கார வேண்டிய நேரம் 5.15, மிஞ்சினால் 5.30.

ஆறு மணிக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆர்டர் எடுக்கவே 6.15 ஆகிவிடும். சமையலறை உச்சத்தில் இருக்கிற அந்த நேரத்தில் முதன்மை உணவு மேசைக்கு வர 6.50 ஆகலாம். பிறகு ஒருவர் விழுங்குவார், மற்றவர் கடிகாரம் பார்ப்பார். இதுதான் வழக்கமான சொதப்பல். ஆறு மணிக்கு முன் வரவே முடியாதவர்கள் இந்த வழியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. அல்லது ஒரே ஒரு தட்டு மட்டும் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்தவுடன் பரிமாறுபவரிடம், "ஏழரைக்கு நாடகம், ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தியேட்டர் பேரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது, நடை தூரம் அவர்களுக்கே தெரியும். முதன்மை உணவு வரும்போதே பில்லையும் கேட்கலாம். அங்கே அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வழிக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. ப்ரீ-தியேட்டர் மெனு என்று இரண்டு அல்லது மூன்று கோர்ஸை ஒரே விலையில் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆறரை மணிக்குள் உட்கார்ந்தவர்களுக்குத்தான். அதே கடையில் தனித்தனியாக ஆர்டர் செய்வதைவிட நன்றாகவே குறையும். ஆனால் இது தானாகக் கைக்கு வராது. சில கடைகளில் பதிவு செய்யும்போதே அந்த மெனுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சிலவற்றில் கேட்டால்தான் எடுத்து நீட்டுவார்கள். சனிக்கிழமை கிடையாது என்கிற கடைகளும் உண்டு.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மெனுக்களில் சைவ முதன்மை உணவு பெரும்பாலும் ஒன்றே ஒன்று இருக்கும், ரிசொட்டோ என்ற இத்தாலியக் குழைசாதமோ, ன்யோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டையோ. அதன்மேல் தூவுகிற பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற, பாலைத் திரைய வைக்கும் பொருளைக் கொண்டு செய்யப்படுவது. புரட்டாசிச் சனியிலோ கிருத்திகையிலோ போகிறவர்களுக்கு இது முக்கியம். அவர்களுக்கு ட்ரூரி லேன் தியேட்டருக்கு எதிர்ப்புறம் கேத்தரின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சாகர் உதவும். உடுப்பி பாணி, முழுச் சைவம். தோசை சீக்கிரம் வரும் என்பதால் நேரக் கணக்கும் இளகும். லைசியம், நாவெல்லோ, ஆல்ட்விச் தியேட்டர்களும் ஓரிரு தெரு தள்ளித்தான்.

எவ்வளவு சாப்பிடுவது என்பதும் இங்கே ஒரு கேள்விதான். மியூசிக்கலில் பொதுவாக முதல் பாதி நீளம், பல நாடகங்களில் எழுபது நிமிடத்தைத் தாண்டும். வயிறு முட்ட பிரியாணி, ஒரு கிளாஸ் வைன், பிறகு இருட்டு, வெல்வெட் இருக்கை. அரைமணி நேரத்தில் கண் சொருகும். டிக்கெட் விலையை நினைத்தால் உலகத்திலேயே விலை உயர்ந்த குட்டித்தூக்கங்களில் அதுவும் ஒன்று. பாதியில் எழுந்து கழிப்பறைக்குப் போனால் திரும்ப உடனே உள்ளே விடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. எனவே முன்னே சாப்பிடுகிறவர்கள் தண்ணீரையும் குடிவகையையும் ஆறரையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பின்னே சாப்பிடுவது

இருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் இதுவே மேல். பார்த்த நாடகத்தைப் பற்றிப் பேசலாம், கடிகாரம் இல்லை. தடையாக நிற்பவை இரண்டு: அடுப்பும் ரயிலும்.

அடுப்புக்கு முன் நாடகத்தின் நீளத்தைப் பாருங்கள். சோண்ட்ஹைம் தியேட்டரில் ஓடும் 'லே மிஸராப்ள்' இடைவேளை சேர்த்து ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். ஏழரைக்குத் தொடங்கினால் பத்து இருபது, கூட்டத்தோடு படியிறங்கித் தெருவுக்கு வரப் பத்தரை. விக்டோரியா பேலஸில் 'ஹாமில்டன்', அப்பல்லோ விக்டோரியாவில் 'விக்கெட்' இரண்டும் 2 மணி 45 நிமிடத்தை ஒட்டியவை. லைசியத்தில் 'தி லயன் கிங்' இரண்டரை மணி. வாட்வில் தியேட்டரில் ஓடும் 'சிக்ஸ்' மட்டும் தனிச் சாதி: இடைவேளையே இல்லாமல் 80 நிமிடம். எட்டு மணிக் காட்சி என்றாலும் ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடலாம். பின்னே சாப்பிட விரும்புகிற ஜோடிகளுக்கு இப்படிப்பட்ட குறுநாடகம்தான் லட்டு.

பத்தரைக்கு வெளியே வருகிறவர்கள் வழியில் ஏதாவது திறந்திருக்கும் என்று நம்பக்கூடாது. பதிவு செய்யும்போது "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். "எத்தனை மணிக்கு மூடுவீர்கள்" என்பது வேறு கேள்வி. பதினொன்றுக்கு மூடும் கடையில் சமையலறை பத்தேகாலுக்கே துடைத்துக் கழுவியாகியிருக்கலாம். நம்பிப் போகக்கூடியது சைனா டவுன். ஜெரார்ட் ஸ்ட்ரீட்டிலும் லைல் ஸ்ட்ரீட்டிலும் நேரம் கழித்தும் வாத்தும் நூடுல்ஸும் கிடைக்கும், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ தியேட்டர்களிலிருந்து ஐந்து நிமிட நடைதான். சோஹோவிலும் வெள்ளி, சனி இரவுகளில் விளக்கு அணைய நேரமாகும். விக்டோரியா பக்கம் நிலைமை வேறு. அது அலுவலகப் பகுதி, இரவில் சீக்கிரம் அடங்கிவிடும். 'ஹாமில்டன்', 'விக்கெட்' பார்ப்பவர்கள் முன்னே சாப்பிடுவதே சரி. போகிறபோக்கில் ஒரு செய்தி: ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002 முதல் 2004 வரை ஓடியது இந்த அப்பல்லோ விக்டோரியாவில்தான்.

ரயில் விஷயம் வீட்டைப் பொறுத்தது. வார நாட்களில் ட்யூப் நள்ளிரவைத் தாண்டிச் சற்று நேரம் ஓடி நின்றுவிடும். பத்தரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டுக்கு எழுந்தால் கடைசி வண்டியைத் துரத்த வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி, பிக்கடிலி, சென்ட்ரல், நார்தர்ன் ஆகிய ஐந்து லைன்களில் இரவு முழுக்க ட்யூப் உண்டு, ஆனால் எல்லாக் கிளைகளிலும் அல்ல. டூட்டிங்காரர்களுக்கு நார்தர்ன் லைன் கைகொடுக்கும், அது சேரிங் கிராஸ் வழியாகத்தான் ஓடும். வெம்ப்லி பார்க், கிங்ஸ்பரி, ஸ்டான்மோர் பக்கத்தவர்களுக்கு ஜூபிலி. கேன்ட்ஸ் ஹில், நியூபரி பார்க்காரர்களுக்கு சென்ட்ரல். ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு இரவுச் சேவை இல்லை, N15 பேருந்துதான் வழி. ஹாரோ ஆன் த ஹில்லுக்கு மெட்ரோபாலிட்டன் லைனும் அப்படியே, அங்கே N18. இல்ஃபர்டுக்கு எலிசபெத் லைன் இரவில் கிடையாது. இந்த மூன்று இடத்தவரும் பின்னே சாப்பிடுவதானால் டாக்சிச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

காரில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் மாலை 6 மணி வரை. ஐந்தேகால் மேசைக்காக ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தால் முழுநாள் கட்டணமும் விழும். ஆறுக்குப் பிறகு நுழைந்தால் இல்லை. வார இறுதியில் அது பகல் 12-க்குத்தான் தொடங்குகிறது என்றாலும் முடிவது அதே ஆறு மணிக்கு. பழைய டீசல் வண்டிகளுக்கான புகைக் கட்டணம் வேறு, அதற்கு இரவு பகல் என்ற பேதமில்லை.

செலவை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்க்கலாம். முன்னே: இரண்டு கோர்ஸ் மெனு ஆளுக்கு 27 பவுண்டு, ஆளுக்கொரு கிளாஸ் வைன் 9 பவுண்டு, ஆக 72. சர்வீஸ் சார்ஜ் 12.5 சதவீதம் 9 பவுண்டு. மொத்தம் 81. பின்னே: பகிர்ந்துகொள்ள ஒரு முன் உணவு 10, முதன்மை உணவு 22 வீதம் 44, வைன் 18, இனிப்பு இரண்டு 18, ஆக 90. சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 101 பவுண்டுக்குச் சற்று மேல். வித்தியாசம் இருபது பவுண்டுதான். டாக்சி சேர்ந்தால்தான் கணக்கு கவிழும். சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே ஏறியிருக்கும், அதன்மேல் இன்னொரு டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. அது விருப்பத் தொகைதான், பரிமாறல் மோசமென்றால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பாட்டில் தண்ணீருக்குப் பதில் "டாப் வாட்டர்" என்று கேளுங்கள், மது விற்கும் கடைகள் அதை இலவசமாகத் தந்தாக வேண்டும்.

பிரித்துச் சாப்பிடுவது

நம் ஊர்ச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆறு மணிக்கு டிபன், பத்தேகாலுக்கு ஏதாவது இனிப்போ சின்னதாக ஒரு தட்டோ. கோவென்ட் கார்டன் பக்கமென்றால் சாகரில் தோசையும் காபியும். சோஹோ பக்கமென்றால் ஃப்ரித் ஸ்ட்ரீட்டில் 2015-இல் திறந்த ஹாப்பர்ஸில் ஆப்பமும் குழம்பும். இலங்கைப் பாணி கொத்து ரொட்டியும் அங்கே உண்டு, எலும்பு மஜ்ஜை வறுவல் பேர்பெற்ற பண்டம். ப்ரின்ஸ் எட்வர்ட், பேலஸ், சோண்ட்ஹைம் தியேட்டர்கள் அங்கிருந்து நடைதூரம். முப்பது, நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்பதால், ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு வருகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இல்லை.

பிறகு நாடகம் விட்டதும் காபி, கேக், ஜெலாட்டோ. சோஹோவில் இவற்றுக்குப் பதிவு வேண்டாம். பிடித்தால் அரைமணி உட்காரலாம், கால் வலித்தால் நேராக ட்யூபுக்குப் போகலாம். இரண்டாவது பாதியில் யாருக்காவது தலைவலி வந்தால் ரத்துக் கட்டணம் கேட்கிற மேசை எதுவும் எங்கும் காத்திருக்காது. இந்த நெகிழ்ச்சிக்காகவே வார நாட்களில் முதல் சிபாரிசு இதுதான். குறை ஒன்று உண்டு. திருமண நாள், பிறந்தநாள் என்றால் தோசையும் ஜெலாட்டோவும் விருந்தாகத் தோன்றாது.

இடைவேளையை நம்பிப் பசியோடு போவது மட்டும் வேண்டாம். பதினைந்து, இருபது நிமிட இடைவேளையில் கிடைப்பது சின்ன டப்பா ஐஸ்கிரீம், சிப்ஸ், பிளாஸ்டிக் கோப்பையில் வைன். எல்லாமே வெளிவிலைக்கு மேலே. குடிக்க வேண்டுமென்றால் நாடகம் தொடங்கும் முன்பே பாரில் ஆர்டர் கொடுத்துவிட்டால் இடைவேளையில் பேரோ எண்ணோ போட்டு எடுத்து வைத்திருப்பார்கள். பெண்கள் கழிப்பறை வரிசை பழைய தியேட்டர்களில் படிக்கட்டு வரை நீளும். இருவரில் ஒருவர் ஐஸ்கிரீமுக்கும் மற்றவர் கழிப்பறைக்கும் பிரிந்து ஓடினால்தான் மணியடிப்பதற்குள் திரும்ப முடியும்.

பகல் காட்சி: யாரும் நினைக்காத வழி

புதன், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஏதாவது ஒன்றிலோ இரண்டிலோ பல நாடகங்களுக்குப் பகல் 2.30 வாக்கில் காட்சி இருக்கும். ஐந்து, ஐந்தேகாலுக்கு வெளியே வந்துவிடலாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்து, பார்த்துக்கொள்ள அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ எட்டு மணி வரைதான் இருப்பார்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். புதன்கிழமைப் பகல் டிக்கெட் சனி இரவைவிடப் பெரும்பாலும் மலிவு. ஒருவருக்கு அரைநாள் லீவு போட முடிந்தால் போதாது, இருவருக்கும் வேண்டும். அதுதான் நடைமுறைச் சிக்கல்.

சனிக்கிழமைப் பகல் காட்சியில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தேகாலுக்கு வெளியே வந்து உடனே சாப்பிட நினைத்தால், இரவுக் காட்சிக்காரர்கள் பிடித்து வைத்திருக்கும் மேசைகளுக்குப் போட்டி போட வேண்டும். கிடைத்தாலும் "ஆறே முக்காலுக்கு மேசையைத் திருப்பித் தர வேண்டும்" என்பார்கள். அவசரப்படாமல் ஏழேகாலுக்குப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன பந்தி எழுகிற நேரம் அது. நல்ல மூலை மேசை கிடைக்கும், பரிமாறுபவருக்கும் மூச்சு வந்திருக்கும், யாரும் கிளப்பிவிட மாட்டார்கள். சலுகை மெனு நேரம் முடிந்திருக்கும், வழக்கமான விலைதான் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் ஸ்ட்ராண்டிலிருந்து வாட்டர்லூ பாலம் வரை நடந்து தேம்ஸைப் பார்த்துவிட்டு வரலாம். கோடையில் அந்த நேரத்து வெளிச்சத்துக்காகவே நடக்கலாம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், விளக்குகள் இருக்கும், கையுறையும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்துக்காகவே டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால், வாரத்தில் எந்தக் காட்சிகளில் அவருக்குப் பதில் மாற்று நடிகர் வருகிறார் என்று நாடகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி பாடுவது குரலுக்குப் பெரிய சுமை. பெரிய பாத்திரங்களுக்குச் சில காட்சிகளில் மாற்று ஆள் இருப்பது வழக்கம்தான்.

ஒரே மேசையில் சாப்பாடும் பாட்டும்

ஓ2 அரங்க வளாகத்தில் 2019 முதல் நடக்கும் 'மம்மா மியா! தி பார்ட்டி' இந்த வகை. கிரேக்கத் தீவுச் சாப்பாட்டுக் கடைபோல ஜோடித்த கூடத்தில் மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள். கோர்ஸ் கோர்ஸாக கிரேக்கச் சாப்பாடு வரும், நடிகர்கள் மேசைகளுக்கிடையே கதையை நடத்துவார்கள், ஆபா (ABBA) என்ற பாப் இசைக்குழுவின் பாடல்கள் வரும், கடைசியில் எல்லாரும் எழுந்து ஆட்டம். நாலு மணி நேரத்தை ஒட்டிப் போகும். நேரக் கணக்கு, பில், நடை எதுவும் இல்லை. வடக்கு கிரீனிச் ஸ்டேஷன் வாசலிலேயே, ஜூபிலி லைன். சைவமோ ஒவ்வாமையோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், அன்று இரவு சொன்னால் கஷ்டம்.

கல்யாண நாளுக்கு இருவர் மட்டும் என்றால் இது அவ்வளவாகச் சரிவராது. பிறரோடு மேசையைப் பகிர வேண்டி வரலாம், சத்தத்தில் பேசவும் முடியாது. நாலு ஜோடிகள் சேர்ந்து போனால் பிரமாதம். டிக்கெட் விலை ஆளுக்கு நூறு பவுண்டைத் தாண்டும். நல்ல இருக்கையும் நல்ல சாப்பாடும் தனித்தனியாக வாங்கினாலும் அவ்வளவு ஆகும் என்பதால் விலையை வைத்து இதைத் தள்ள முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, முகவர்கள் விற்கும் "டின்னர் அண்ட் ஷோ" பொதி. அதில் நாடகம் வழக்கமான தியேட்டரில், சாப்பாடு பக்கத்தில் ஏதாவது சங்கிலிக் கடையில். இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம், மெனு குறுகியிருக்கும், மேசை நேரம் அவர்கள் சொல்வதுதான். வாங்குமுன் அதே நாளின் டிக்கெட் விலையைத் தியேட்டரின் சொந்த இணையதளத்தில் பார்த்து, கடையின் ப்ரீ-தியேட்டர் மெனு விலையைக் கூட்டுங்கள். பொதி மலிவாக இருந்தால் வாங்கலாம், சமமென்றாலும் வேண்டாம்.

பதிவு செய்யும் வரிசை

முதலில் டிக்கெட், பிறகு மேசை. லெஸ்டர் ஸ்கொயரில் உள்ள டி.கே.டி.எஸ். நிலையத்தில் அன்றைக்கும் அடுத்த சில நாளுக்கும் தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும். 'ஹாமில்டன்' போன்றவற்றுக்கு 10 பவுண்டு குலுக்கல்கூட உண்டு. ஆனால் அப்படி வாங்கினால் மேசையைக் கடைசி நிமிடத்தில்தான் பிடிக்க முடியும். பிரித்துச் சாப்பிடும் வழிக்கு மட்டுமே அது ஒத்துவரும்.

இருக்கை விஷயத்தில் இவற்றில் பல நூறாண்டு தாண்டிய கட்டடங்கள் என்பதை மறக்காதீர்கள். தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்குமேல் டிரெஸ் சர்க்கிள், அதற்குமேல் அப்பர் சர்க்கிள், சிலவற்றில் பால்கனி. ஸ்டால்ஸின் பின்வரிசைகளில் மேல்தளம் தலைக்கு மேலே கூரைபோல நீட்டியிருப்பதால் மேடையின் மேல்பாகம் மறையும். தொங்கும் சரவிளக்குக்குப் பேர்போன ஒரு நாடகத்தில் அந்த விளக்கே தெரியாமல் போகும். மேல்தளங்கள் செங்குத்து, பலவற்றில் லிஃப்ட் இல்லை, முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும், கோடையில் வெக்கை ஏறும். "ரெஸ்ட்ரிக்டட் வியூ" என்று எழுதியிருந்தால் தூணோ கைப்பிடிக் கம்பியோ நடுவில் இருக்கும். சீட்பிளான் என்ற இணையதளத்தில் அந்தந்த இருக்கையிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தபின் பணம் கட்டுங்கள். உடைக்கு எந்த விதியும் இல்லை, பட்டுப்புடவை கட்டிப் போகலாம். இருக்கை தானாக மடங்கும் வகை, எழும்போது முந்தானை சிக்கும், கவனம். குளிர்காலக் கோட்டு வைக்க இடமில்லாத தியேட்டர்கள் உண்டு, மடியில்தான் வைத்திருக்க வேண்டும்.

'தி லயன் கிங்' பார்க்கிறவர்கள் தாமதமே ஆகக்கூடாது. தொடக்கப் பாட்டில் விலங்குகள் ஸ்டால்ஸ் நடைபாதை வழியாகத்தான் மேடைக்குப் போகின்றன. பிந்தி வந்தால் அது முடியும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பாதிப்பேர் டிக்கெட் வாங்குகிறார்கள்.

திரும்பும்போது கோவென்ட் கார்டன் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அங்கே லிஃப்டை நம்பித்தான் கீழே இறங்க வேண்டும், நாடகம் விட்ட நேரத்தில் வரிசை தெரு வரைக்கும் வரும். பொறுமையிழந்து படியில் இறங்கினால் 193 படி, சுழல்படிக்கட்டு. லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷன் சில நிமிட நடையில் இருக்கிறது, அங்கே எஸ்கலேட்டர் உண்டு, அதே பிக்கடிலி லைனும் நார்தர்ன் லைனும் ஓடுகின்றன. ட்ரூரி லேன் பக்கம் இருப்பவர்கள் ஹோல்பர்னுக்கு நடக்கலாம், அங்கே சென்ட்ரல் லைனும் கிடைக்கும்.